பத்து கிலோ பொடிக்கு இருபது கிலோ சக்கையா?

டபராசெட்: "பத்து கிலோ காபிப்பொடி போடுற ஓட்டல்ல தினம் இருபது கிலோ சக்கை சும்மா கிடைக்கும், வண்டி இருந்தா போதும், அப்படியே செடிக்குப் போடலாம்"னு பக்கத்து இழையில ஒருத்தர் எழுத, ஆளாளுக்குக் கைதட்டல். அந்த இருபது சுத்தக் காபிக் கணக்கு. நம்ம பொடியில சிக்கரி இருக்கு சாமி. காபியில கரைஞ்சு போறது ஐஞ்சுல ஒரு பங்கு, கொஞ்சம் கூட. சிக்கரியில மூணுல ரெண்டு பங்கு டிகாக்‌ஷனோட இறங்கிடும். 70-30 கலவைன்னா பத்து கிலோவுக்கு உலர் எடையில மிஞ்சறது ஆறரை கிலோ. ஈரம் 60 சதவீதம்னா 16 கிலோ. இருபது இல்ல, பதினாறு.

மாடித்தோட்டம்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாம். ஈரம் 60ன்னு யார் உங்களுக்கு எழுதிக் குடுத்தது? பில்டர்லேர்ந்து தட்டின உடனே 68 இருக்கும். அப்போ உலர் பங்கு 32தான், அதே ஆறரை கிலோவை 0.32 ஆல வகுங்க. இருபது!

டபராசெட்: தண்ணியையும் சேர்த்து நிறுத்தா இருபதுதான். பால்காரரே தோத்தாரு போங்க. 20 லிட்டர் பெயிண்ட் வாளி ரெண்டு எடுங்க. உள் வாளி அடியில ஓட்டை போட்டு மேல நைலான் வலை விரிங்க, அடியில நாலு இஞ்ச் இடம் விட்டு வெளி வாளியில உட்கார வைங்க. வடிஞ்சதும் நிறுங்க. பதினாறு.

சிப்பிக்காளான்: எடைச் சண்டை அப்புறம். எப்போ எடுக்கறீங்கன்றதுதான் விஷயம். காலை டிபன் கூட்டம் ஓய்ஞ்சு பதினொண்ணுக்கு ஒரு நடை, கடை மூடும்போது ஒரு நடை. நிறை வாளியை எடுத்து, கழுவின வாளியை வெச்சுட்டு வரணும். அங்கேயே கொட்டி மாத்திக்கிட்டு நின்னா அடுத்த வாரம் முதலாளி உள்ள விட மாட்டார். வாளி டிகாக்‌ஷன் போடறவர் கைக்கு எட்டற இடத்துல இல்லன்னா பாலாடை, டீச்சக்கை, பேப்பர் கப் எல்லாம் அதுலதான் விழும். பால் பட்டா மதியத்துக்குள்ள புளிச்சு ஈ மொய்க்கும். சக்கையில காளான் வளர்க்கறதுன்னா 24 மணி நேரத்துக்குள்ள காளான் வித்து கலந்தாகணும், தாமதமானா பச்சைப் பூஞ்சை முந்திக்கும். தனிச் சக்கையைப் பையில அடைச்சா காத்து போகாது. வெந்நீர்ல ஊறவெச்சு வடிச்ச வைக்கோல் நறுக்கு பாதிக்குப் பாதி, வித்து மொத்த ஈர எடையில பத்து சதவீதம்.

மாடித்தோட்டம்: நன்றி. காளானுக்கு ஈரம் வேணும்தானே? அப்போ வடிக்காம எடுத்தா இருபது.

டபராசெட்: காளானுக்கே 60, 65தான் வேணும். பையில அடியில தண்ணி தேங்கினா அழுகும். பதினாறு.

கும்பகோணத்தான்: ரெண்டு பேரும் ரெண்டாம் டிகாக்‌ஷனை மறந்துட்டீங்களே. அதை எடுத்தா இன்னும் குறையும். எங்க ஊர்ல முதல் டிகாக்‌ஷனோட சரி. கழுவின தண்ணியைக் காபின்னு குடிக்கறது சென்னைக்காரங்க பழக்கம்.

மயிலைவாசி: வந்துட்டார்யா பித்தளை டபரா. நெடுஞ்சாலை முழுக்க 'டிகிரி காபி' பலகை மாட்டினது யாரு?

டபராசெட்: இழையைக் கெடுக்காதீங்க. சட்டப்படி 51 சதவீதம் காபி இருந்தா காபி-சிக்கரி கலவைன்னு விக்கலாம், பொட்டலத்துல விகிதம் போடணும், அவ்வளவுதான். 51-49 பொடின்னா மிச்சம் 5.7 கிலோ. அதே 60 ஈரத்துல பதினாலேகால்! பதினாறே நான் பெரிய மனசு பண்ணிச் சொன்னது.

மாடித்தோட்டம்: போன மாசம் 'மண்புழுவுக்கு ஆகாது'ன்னு முப்பது பதிவு போட்டவர்தானே நீங்க? பெரிய மனசு அப்பவே தெரிஞ்சது. சக்கை அமிலம், ரோஜாவுக்கு நேரா வைக்கலாம்னு சொன்னேன், அதுக்கு இன்னும் பதில் இல்ல.

சிப்பிக்காளான்: அமிலம் பெரும்பாலும் டிகாக்‌ஷனோட போயிடும்மா. சக்கை நடுநிலைக்குப் பக்கத்துலதான் நிக்கும். பச்சையா தொட்டியில கொட்டினா மேல ஏடு கட்டி தண்ணி இறங்காது, நாற்று குன்றிடும். உரக்குழியில அளவுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல வேணாம், காஞ்ச இலை தாராளமா சேருங்க. அன்னிக்கே முடியலன்னா தார்ப்பாயில ரெண்டு சென்டிமீட்டர் கனத்துல பரப்பி, மணிக்கொரு தரம் கிளறிக் காயவைங்க. அரைகுறையா காஞ்சதை மூட்டையில குவிச்சா உள்ள சூடேறிப் பூசணம் பிடிக்கும்.

மாடித்தோட்டம்: காயவெச்சா ஆறரைன்னு அவரே சொல்லிட்டார். அப்போ பதினாறும் தப்புதானே?

டபராசெட்: காயவெச்சது வேற கணக்கு, அதை இங்க இழுக்காதீங்க. வடிஞ்சது பதினாறு.

மாடித்தோட்டம்: நேத்து ஒரு ஓட்டல்ல நிறுத்த படம் போட்டிருக்கேன் பாருங்க. தராசுல 19.8.

டபராசெட்: வாளி எடை கழிச்சாச்சா?

மாடித்தோட்டம்: கழிச்சாச்சு.

டபராசெட்: ரெண்டு வாளியா, ஒண்ணா? மூடி?