சலேர்னோவில் தங்கி அமால்ஃபியும் பெஸ்தும் பார்க்க: போய்வந்தவர்கள் சொல்வது

தெற்கு இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குப் போகிறவர்கள் பலர் அங்குள்ள பொசித்தானோ ஊரில் அறை எடுத்துவிட்டு, பாதி நாளைப் பஸ் வரிசையிலேயே கழிக்கிறார்கள். சலேர்னோ நகரத்தில் தங்குங்கள். நேப்பிள்ஸிலிருந்து வேக ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மேற்கே அமால்ஃபி, தெற்கே பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் பெஸ்தும், இரண்டுக்கும் காலையில் கிளம்பி இரவு திரும்பலாம்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அமால்ஃபிக்குப் படகுதான் சரி, 35 நிமிடம். டிக்கெட்டில் எந்தத் துறை என்று பாருங்கள். கொன்கோர்தியா துறை ரயில் நிலையத்துக்குப் பக்கம். மன்ஃப்ரேதி துறைக்கு நடக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு படகைத் தவறவிடுவது சகஜம். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. அப்போது பஸ்தான் வழி. டிக்கெட்டை முன்கூட்டியே தபாக்கி என்கிற புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும். வாடகைக் கார் மட்டும் வேண்டாம். சாலை குறுகல், நிறுத்த இடம் அரிது, கூட்ட நாட்களில் எண் பலகையின் கடைசி இலக்கத்தை வைத்தும் தடை உண்டு.

அமால்ஃபியில் பேராலயத்தின் 62 படிகளையும் கான்ஸ்டான்டினோபிளில் வார்த்த வெண்கலக் கதவையும் பார்த்துவிட்டு, மலைமேல் இருக்கும் ரவெல்லோவுக்குப் பஸ்ஸில் ஏறுங்கள். இறங்கும்போது கடலோர ஊரான மினோரிக்குப் படிக்கட்டு வழியாக நடக்கலாம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் வலிக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும். வழியெங்கும் அடுக்கடுக்காக எலுமிச்சைத் தோட்டங்கள். பந்தலுக்கு நட்டிருப்பது செஸ்ட்நட் மரக் கம்புகள். மேலே போர்த்தியிருக்கும் கறுப்பு வலை குளிருக்கும் ஆலங்கட்டி மழைக்கும் காப்பு.

இன்னொன்று: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் அமால்ஃபியை விட்டுவிட்டுப் பெஸ்துமுக்குப் போங்கள். சலேர்னோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் சொச்சம். எல்லா ரயிலும் பெஸ்தும் நிலையத்தில் நிற்காது, அட்டவணையைப் பாருங்கள். திரும்பும் டிக்கெட்டையும் சலேர்னோவிலேயே வாங்கிவிடுவது நல்லது. நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நேராக நடந்தால் கோயில்கள்.

மூன்றுமே கிரேக்கர்கள் கட்டியவை. மூத்தது கி.மு. 550 வாக்கில் எழுந்த ஹேரா கோயில். முகப்பில் ஒன்பது தூண், அதனால் நட்டநடுவில் ஒரு தூண் வழியை மறித்து நிற்கிறது. தூண்கள் இடுப்பில் புடைத்து, மேலே நசுங்கிய திண்டு மாதிரியான தலைப்பகுதியைத் தாங்குகின்றன. பக்கத்தில் இருக்கும் நெப்டியூன் கோயில் ஏறத்தாழ நூறாண்டு இளையது. அங்கே முகப்பில் ஆறு தூண்தான், அந்தப் புடைப்பும் அடங்கிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், கட்டிடக்கலை எப்படி வளர்ந்தது என்பது கண்ணெதிரே விளங்கும். கல்லருகே போனால் சிறு துளைகள் தெரியும். இது டிராவர்டைன் கல். ஒரு காலத்தில் மேலே சுதை பூசி மறைத்திருந்தார்கள்.

வெயில் ஏறும் நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். 1968இல் கிடைத்த மூழ்குபவர் கல்லறை அங்கேதான். ஐந்து கற்பலகைகளில் ஓவியம். மூடியின் உட்புறம் நீரில் பாயும் மனிதன். சுற்றுச் சுவர் நான்கிலும் விருந்துக் காட்சி. மூடியோடு நின்றுவிடாதீர்கள், நான்கையும் சுற்றிப் பாருங்கள்.

சலேர்னோவிலிருந்து உள்நாட்டுப் பக்கம் இருக்கும் பெர்தோசா குகைக்கும் போகலாம், ஆனால் ரயில் இல்லை, கார் வேண்டும். உள்ளே நிலத்தடி ஆற்றில் படகுப் பயணம், ஆண்டு முழுவதும் சுமார் 16 டிகிரி. கோடையிலும் ஸ்வெட்டர் எடுங்கள்.

பெஸ்தும் பக்கம் எருமைப்பால் மொசரெல்லா பாலாடைக்கட்டி வாங்கினால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், இறுகிவிடும். பொட்டலத்து நீரிலேயே வெளியே வைத்து அன்றைக்கே சாப்பிட வேண்டும்.