ஒரு விசைப்பலகை, இரண்டு கணினி: கம்பியா, காற்றா?

செக்ரோல் கிராணி:

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். ஊர்ப்பெயர் 2007இல் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். என் மேசையில் இரண்டு கணினிகள். ஒன்றில் செக்ரோலும் (தொழிலாளர்களின் வேலைநாள் பதிவு) சம்பளக் கணக்கும், மற்றொன்றில் தலைமை அலுவலகத்து மின்னஞ்சல். இரண்டு விசைப்பலகை, இரண்டு மவுஸ், நடுவில் பெரட்டுப் புத்தகம் (காலை வருகைப் பதிவேடு), அதன்மேல் தேநீர்க் குவளை. மேலாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தில் பாதியைச் சம்பளக் கட்டத்துக்குள் தட்டி வைத்த நாளும் உண்டு.

முதலில் கம்பியில்லாத வழியைப் பிடித்தேன். மைக்ரோசாஃப்டின் மவுஸ் விதவுட் பார்டர்ஸ் என்ற மென்பொருள். காசு கிடையாது, இப்போது அவர்களுடைய பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்போடு சேர்ந்தே வருகிறது. நான்கு விண்டோஸ் கணினிகள் வரை ஒரே விசைப்பலகையில் ஓட்டலாம். எல்லாம் ஒரே ரூட்டரில் இருக்க வேண்டும், ஒன்றில் காட்டும் இரகசியக் குறியை மற்றதில் இட வேண்டும், அவ்வளவுதான். இடத்திரையின் விளிம்பில் மவுஸை இடித்தால் அம்பு வலத்திரையில் எட்டிப் பார்க்கும். இங்கே நகலெடுத்ததை அங்கே ஒட்டலாம். மகிழ்ச்சியில் இரண்டாவது விசைப்பலகையைக் கழற்றிச் சாமான் அறையில் போட்டேன். அங்கேதான் வினை தொடங்கியது.

ஒரு சம்பள வாரம். இடி, மழை, மின்சாரம் போய் வந்தது. பழைய கணினிக்குள் அதன் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் காசு அளவுப் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது. கறுப்புத் திரையில், எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி நின்றுவிட்டது. எதை அழுத்துவது? விண்டோஸ் எழுந்தால்தான் அந்த மென்பொருள் எழும். எஃப்1 அழுத்தினால்தான் விண்டோஸ் எழும். மருந்து தெளிக்கும் பம்புகளுக்கு அடியிலிருந்து விசைப்பலகையை இழுத்து எடுப்பதற்குள் அரை மணி நேரம். வெளியே திண்ணையில் சம்பளக்காரர்கள் வரிசை.

மறுநாளே டவுனுக்குப் போய் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு யூ.எஸ்.பி. சுவிட்ச் வாங்கினேன். பொத்தானை அமுக்கினால் விசைப்பலகையும் மவுஸும் அடுத்த கணினிக்குத் தாவும். ரூட்டர் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். கணினிக்கு அது வழக்கமான விசைப்பலகைதான். கறுப்புத் திரையிலும் கட்டளை கேட்கும். நகலெடுத்து ஒட்டும் வசதி போனதுதான் குறை. நீங்கள் எந்தக் கட்சி?

சாக்பீஸ் டீச்சர்:

கிராணியாரே, பத்து வெள்ளிகூட ஆகாத பேட்டரி செய்த குற்றத்துக்கு மென்பொருளைத் தண்டித்துவிட்டீர்கள். பேட்டரியை மாற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மடிக்கணினியில் கேள்வித்தாள், மேசைக் கணினியில் பாட நூல். ஒட்டும் வசதி இல்லாவிட்டால் என்னால் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. எனக்கு வந்த சிக்கல் வேறு. பள்ளி வைஃபையில் இரண்டு கணினிக்கும் இணையம் வந்தது, ஆனால் ஒன்றை ஒன்று பார்க்கவே இல்லை. பொது வைஃபைகளில் கருவிகள் தங்களுக்குள் பேசாதபடி தடுத்து வைப்பார்களாம், பாதுகாப்புக்காக. வீட்டில் சும்மா கிடந்த பழைய ரூட்டரைக் கொண்டுவந்து செருகினேன். அதில் இணையமே கிடையாது, வேலை நடந்தது. இணையம் வேறு, உள்வலை வேறு என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

இன்னொன்று. நான் தட்டுவது முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் (அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்). மடிக்கணினியில் தமிழில் தட்டிக்கொண்டே மேசைக் கணினிக்குத் தாவினேன்; 'அம்மா' என்று தட்டியது ஆங்கில எழுத்துகளாக விழுந்தது. அந்தக் கணினியில் அஞ்சல் இல்லை. விசைப்பலகை பொதுவாகலாம், மொழியை ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாகத்தான் கற்றுத்தர வேண்டும். கம்பி சுவிட்சிலும் இதே கதைதான் கிராணியாரே, தப்ப முடியாது.

பழுதுக்கடை:

டீச்சர் சொன்னது சரி, ஆனால் இடியை மறந்துவிட்டீர்கள். ஏப்ரல், அக்டோபர் மாத மாலைகளில் இந்தப் பக்கம் எப்படி இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போன ஆண்டு ஒரே வீட்டிலிருந்து இரண்டு கணினிகள் வந்தன. மின்னல் ஒன்றில்தான் இறங்கியிருக்க வேண்டும். இரண்டையும் திரையோடு சேர்த்து இணைத்திருந்த சுவிட்சின் வயர் வழியாக மற்றதையும் பதம் பார்த்துவிட்டது. சுவிட்சைத் திறந்தால் உள்ளே கரி. மழை இருட்டிக்கொண்டு வந்தால் சுவரிலிருந்து மட்டும் பிடுங்கினால் போதாது, இரண்டு கணினிக்கும் நடுவிலுள்ள வயரையும் பிடுங்குங்கள்.

கம்பியில்லா மவுஸ் தத்தித் தத்திப் போகிறது என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் குட்டி ரிசீவரை யூ.எஸ்.பி. 3.0 வட்டுக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருப்பீர்கள். அந்த வகை இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012இல் எழுதி வைத்திருக்கிறது. ஒரு முழ நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரைத் தள்ளி வையுங்கள். புது மவுஸ் வாங்க ஓடாதீர்கள். என் வியாபாரத்துக்கு நட்டம்தான், பரவாயில்லை.

இரவு வேலைக்காரன்:

2016இல் மவுஸ்ஜாக் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டார்கள், நினைவிருக்கிறதா? சில கம்பியில்லா மவுஸ் ரிசீவர்கள் வெளியாள் அனுப்பும் விசைகளையும் நம்பி ஏற்றுக்கொள்ளும். 100 மீட்டர் தூரத்திலிருந்துகூட முடியும் என்றார்கள். அன்றிலிருந்து சம்பளக் கணினிக்குக் கம்பிதான் என்பது என் கட்சி. செம்பனை மரத்தடியில் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று சிரிக்காதீர்கள்.

செக்ரோல் கிராணி:

சிரிக்கவில்லை அண்ணன். எங்கள் மரத்தடியில் பாம்புதான் உட்காரும்.

பேட்டரியை மாற்றிவிட்டேன் டீச்சர். ஆனாலும் சுவிட்சை விடவில்லை. அதன் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அமுக்கியதும் அடுத்த கணினி விசைப்பலகையை அடையாளம் காண ஒன்றிரண்டு வினாடி ஆகும். அதற்குள் தட்டுவது காற்றோடு போகும். போன மாதம் பழம் பொறுக்கும் அக்கா ஒருவருக்கு 26 நாள் என்று தட்டினேன். 2 காற்றில் போய் 6 மட்டும் விழுந்திருக்கிறது. சம்பளச் சீட்டை நீட்டினேன். அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, என் இருபது நாளை எங்கே தின்றீர்கள்?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றே திருத்திக் கொடுத்தேன்.

இப்போது பொத்தானை அமுக்கியதும் கையை எடுத்துத் தேநீரைத் தொடுகிறேன். ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் தட்டுவது.