பிரஷர் மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு என்ன உவமை சொல்லலாம்?

செவ்வந்தி:
மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்குப் பேச்சுக் குறிப்பு தயாரிக்கிறேன். வாசலில் நின்று பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "130/80 வந்துடுச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடுபவர்கள்தான் பெரிய சிக்கல். இப்போதைய குறிப்பில் "ரத்தக்குழாய் மோட்டார் பம்புக் குழாய் மாதிரி" என்று இருக்கிறது. தலையாட்டுகிறார்கள், மாத்திரை மட்டும் போடுவதில்லை. வேறு எப்படிச் சொல்லலாம்?

உவமைக்கிறுக்கன்:
குழாய் உவமை நோயை விளக்குகிறது. உங்களுக்கு வேண்டியது மாத்திரையைத் தொடர ஒரு காரணம். உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கில் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். குழாயில் பொருந்துவது மெய், அதாவது வடிவம் மட்டும். ஒருவரைச் செயலுக்கு நகர்த்த வினையும் பயனும் பொருந்தணும். போதாததுக்கு, குழாய் என்றதும் அடைப்பு ஞாபகம் வரும். அடைப்பை ஒரு தடவை எடுத்தால் வேலை முடிந்தது! நீங்கள் ஒழிக்க நினைக்கும் எண்ணத்தையே அது ஊட்டுகிறது.

முதலில் அவர் மனசில் ஓடும் தப்புக் கணக்கை ஒரே வரியில் எழுதுங்க: "அளவு குறைஞ்சாச்சு, நோய் போச்சு." அதே தப்பு அபத்தமாகத் தெரியும் இன்னொரு இடத்தைத் தேடுங்க. என் பரிந்துரை குடை: "குடை பிடிச்சதாலதானே நனையலை? நனையலையேன்னு மழையிலேயே குடையை மடக்குவீங்களாம்மா?" கேள்வியோடு நிறுத்திடணும். பதிலையும் நாமே சொன்னால் அறிவுரை ஆகிவிடும்.

மருந்துச்சீட்டு:
குடை நல்லா இருக்கு, ஆனா ஒரு ஓட்டை. குடையை மடக்கினால் உடனே நனைவோம். பிரஷருக்குப் பரவலாகத் தரும் அம்லோடிபின் மாத்திரை ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய மறுநாள் அளந்தால் அளவு பெரும்பாலும் ஏறியிருக்காது. "மடக்கிட்டேன், நனையலையே" என்பார். அதனால் உவமை முடிந்த கையோடு வெறும் பேச்சாகவே சொல்லுங்க: "நிறுத்தின அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. சில நாள் போனா மெதுவா ஏறும். ஏறினதும் உடம்புக்குத் தெரியாது."

இன்னொன்று, மழை விட்டுவிட்டுப் பெய்வது. தலைவலி வந்த அன்று மட்டும் மாத்திரை போடும் பழக்கத்துக்கு அது துணைபோகும். "இது நிக்காத மழை" என்று சேர்த்தே சொல்லணும்.

அச்சடிக்கும் முன் நாலைந்து பேரிடம் சொல்லிப் பாருங்க. "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லாரும் ஆமாம்பாங்க. "மூணு நாள் மாத்திரை இல்லைன்னா என்ன ஆகும்னு வீட்டுல எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்க. பதிலில் மழை எங்கே திசைமாறுகிறதோ அங்கேதான் திருத்தம்.

தரவுத்தேனீ:
எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கியே வையுங்கள். திபோடோ, போரோடிட்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஊரில் நடக்கும் குற்றத்தை "மிருகம்" என்று படித்தவர்கள் காவல், தண்டனை பக்கமும், "கிருமி" என்று படித்தவர்கள் மூலகாரணத்தைச் சரிசெய்யும் பக்கமும் கூடுதலாகச் சாய்ந்தார்கள். 2014-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது அந்த விளைவு தெரியவில்லை. எனவே உருவகம் ஒன்றே ஆளை மாற்றிவிடாது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2002 தொகுப்பாய்வின்படி, பலன் கூடுவது ஒரே உருவகம், புதியது, பேச்சின் தொடக்கத்திலேயே வருவது என்றால்தான். குடையை எடுத்தால் குழாயைத் தூக்கிவிடுங்கள்.

"ரத்த அழுத்தம் என்னும் எதிரியோடு போர்" மாதிரி வசனமும் வேண்டாம். புற்றுநோய் பற்றி 2015-ல் வந்த ஆய்வில், போர் மொழியில் படித்தவர்களுக்கு, எதையாவது குறைத்துக்கொள்ளும் தடுப்பு முறைகளில் நாட்டம் குறைந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லப் போகும் இடத்தில் அது ஆகாது.

செவ்வந்தி:
உப்புக்கும் ஒரு குறிப்பு எழுதணும். "ஊறுகாய் துளியூண்டுதானே"ன்னு சொல்றாங்க.

உவமைக்கிறுக்கன்:
அதை அடுத்த மாசம் போகும்போது தனியாகப் பேசட்டும், குடையோடு கலக்க வேண்டாம். வள்ளுவரே கொடுத்திருக்கார்: "பீலிபெய் சாகாடும் அச்சிறும்". மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சே முறியும். எதைச் சொல்ல வருகிறார் என்று அந்தக் குறளில் இருக்காது, கேட்பவர்தான் கண்டுபிடிக்கணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று அவங்களையே எண்ணவிடுங்க.

மருந்துச்சீட்டு:
கூடவே அளவும் சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, சுமார் ஒரு டீஸ்பூன். நாலு பெரியவர்கள் உள்ள வீட்டில் 20 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 50 நாளாவது வரணும், ஊறுகாய் கருவாட்டில் உள்ள உப்பையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் கூடுதலாகவே வரணும். பொட்டலம் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிட்டு வரச் சொல்லுங்க.