மிக்கி மவுஸின் பழைய குறும்பை இன்றைக்கு எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: கோட்டோவியன்

அனிமேஷன் படிப்பின் இறுதியாண்டுப் பணிக்காக மூன்று நிமிடக் குறும்படம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். 1928-இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் வில்லி' 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டதால், அதில் வரும் மிக்கியையே நாயகனாக வைத்திருக்கிறேன். சிக்கல் அவனுடைய குணத்தில்தான் இருக்கிறது. படத்தை மறுபடி பார்த்தபோது, நாம் பிற்காலத்தில் பழகிய பணிவான, எல்லோருக்கும் நல்லவனான மிக்கி அதில் இல்லவே இல்லை என்பது உறைத்தது. பூனையை வாலைப் பிடித்துச் சுழற்றுகிறான். வாத்தை அமுக்கி ஓசை எழுப்புகிறான். பசுவின் பற்களைத் தட்டி இசைக்கிறான். "விலங்குகளை வதைப்பதைப் பார்த்து இன்று யாரும் சிரிக்க மாட்டார்கள், அவனை அன்பானவனாக மாற்றிவிடு" என்கிறார் என் வழிகாட்டி. அவர் சொன்னபடியே மாற்றி எழுதிப் பார்த்தேன். யாருக்கும் தீங்கில்லைதான், ஆனால் கதை உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது. குணத்தை மாற்ற வேண்டுமென்றால் எங்கே கை வைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய ரீல்

உங்கள் வழிகாட்டி சொல்லும் வைத்தியத்தை டிஸ்னி நிறுவனமே 1930-களில் செய்து பார்த்துவிட்டது. மிக்கி குழந்தைகளின் செல்லப்பிள்ளை ஆனதும் அவன் செய்யும் சேட்டைகளுக்குப் பெற்றோரிடமிருந்து ஆட்சேபம் வரத் தொடங்கியது. ஒவ்வொரு படத்திலும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கினார்கள். ஆனால் கார்ட்டூனில் குறை இல்லாமல் நகைச்சுவை இல்லை என்பதால், அவனிடமிருந்து பிடுங்கிய குறைகள் வேறெங்காவது போய்ச் சேர வேண்டியிருந்தது. 1934-இல் வந்த டொனால்டு வாத்து கோபத்தை எடுத்துக்கொண்டது, கூஃபி என்ற நாய் அசட்டுத்தனத்தை எடுத்துக்கொண்டது, மிக்கியோ கல்யாண வீட்டு வாசலில் கைகூப்பி நிற்கும் பெரிய மனிதரைப்போல் ஆகிவிட்டான். 1940-களில் டொனால்டின் படங்களே அதிகமாக வந்தன என்பதில் வியப்பொன்றுமில்லை.

2013-இல் அனிமேஷன் இயக்குநர் பால் ருடிஷ் டிஸ்னிக்காக உருவாக்கிய மிக்கி குறும்படத் தொடரைப் பாருங்கள். அதில் பழைய கறுப்புக் கண்களும் பழைய துடுக்கும் திரும்பி வந்தன. எடுத்த காரியத்தை முடித்தே தீர வேண்டும் என்ற வெறி 1928-இல் இருந்ததற்குச் சற்றும் குறைவில்லை. ஆனால் அந்த வெறிக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் மிக்கியேதான்: நசுங்குவதும் கருகுவதும் கந்தலாவதும் அவனுடைய உடல்தான். நீங்கள் கை வைக்க வேண்டிய இடம் இதுவென்று நினைக்கிறேன். அவன் எதற்காக ஏங்குகிறான் என்பதைத் தொடாதீர்கள். அந்த ஏக்கத்தால் அடிபடுவது யார் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

மறுமொழி 2: நிழல்மை

மேலே சொன்னதில் பாதியைத்தான் ஏற்கிறேன். சில பாத்திரங்களில் குறையே ஏக்கமாகவும் இருந்துவிடுகிறது. வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் வரும் பெப்பே லெ பியூ என்ற ஸ்கங்க் (நாற்றமடிக்கும் சிறு விலங்கு) 1945 முதல் செய்து வந்ததெல்லாம், விருப்பமில்லாத ஒரு பூனையை விடாமல் துரத்துவது ஒன்றுதான். 2021-இல் வந்த 'ஸ்பேஸ் ஜாம்' படத்தில் அதற்கென இருந்த காட்சி நீக்கப்பட்டது. அங்கே எதை மாற்றியிருக்க முடியும்?

மறுமொழி 3: பழைய ரீல்

நல்ல கேள்வி. ஆனால் அதற்கான விடை பெப்பேயின் படங்களுக்குள்ளேயே ஒருமுறை வந்திருக்கிறது. ஆஸ்கர் பெற்ற 1949-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் நிலைமை தலைகீழாகிப் பூனை துரத்துகிறது, பெப்பே அலறிக்கொண்டு ஓடுகிறது. துரத்தப்படுவது எப்படியிருக்கும் என்பது அதற்குப் புரியும் அந்தக் கணத்திலிருந்து அடுத்த கதையை யாராவது தொடங்கியிருந்தால், பாத்திரத்தையே ஒளித்துவைக்க வேண்டிய நிலை வந்திருக்காது என்பது என் எண்ணம். அதைச் செய்யாமல் ஒரே நகைச்சுவையைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் பிழை.

மறுமொழி 4: தூரிகைத்துளி

குறையைப் பிடுங்குவதற்கும், ஒரு குறைக்குப் பதில் இன்னொரு குறையைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு பாத்திரங்களை அருகருகே வைத்தால் காணலாம். 1934-இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகியபோது பெட்டி பூப் என்ற கார்ட்டூன் நாயகியின் பாவாடை நீண்டது, துடுக்கு போயிற்று, அவள் அடக்கமான பெண்ணாக்கப்பட்டாள். போன துடுக்குக்கு ஈடாக எதுவும் தரப்படவில்லை. நாய்க்குட்டியும் தாத்தாவும் அவளைச் சுற்றி வேடிக்கை காட்ட, அவள் தன் படத்திலேயே ஓரமாக நின்றாள். 1939-இல் தொடர் முடிந்துபோனது. மாறாக, 1937-இல் தலைகால் புரியாமல் துள்ளும் கிறுக்காக அறிமுகமான டாஃபி வாத்தை, 1950-களில் இயக்குநர் சக் ஜோன்ஸ் பொறாமையும் பேராசையும் பிடித்த தோல்வியாளனாக மாற்றினார். குணம் ஏறக்குறைய முழுவதுமாக மாறியும் பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்று டாஃபி என்றதும் பலருக்கு நினைவில் வருவது அந்தப் பொறாமைக்காரன்தான்.

லோலா பன்னி என்ற பெண் முயலைப் பற்றியும் சொல்ல ஆசை. 1996-இல் வந்த முதல் 'ஸ்பேஸ் ஜாம்' படத்தில் எல்லாம் தெரிந்தவளாக, குறையே இல்லாதவளாக வந்தாள், சிரிக்க ஒன்றுமில்லை. 2011-இல் ஓயாமல் பேசும், காதல் பித்துப் பிடித்த பெண்ணாக ஆக்கினார்கள். சிரிப்பு வந்தது, ஆனால் முன்பிருந்த திறமையைக் காணோம் என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு இரண்டாவது லோலாவைத்தான் பிடிக்கும். அது என் சொந்த ரசனை, விட்டுவிடுங்கள்.

மறுமொழி 5: விதிப்புத்தகம்

குணத்தைப் பற்றிய விவாதத்துக்கு நடுவே ஓர் எச்சரிக்கை. பதிப்புரிமை விடுபட்டது, காலம் முடிந்த ஆண்டுகளின் படங்களில் உள்ள மிக்கிக்கு மட்டுமே. வெள்ளைக் கையுறை 1929-இல் வந்தது. அவ்வாண்டின் படங்கள் 2025 தொடக்கத்தில்தான் விடுபட்டன. பிற்கால மிக்கியின் தோற்றத்திலிருந்து எதையும் எடுக்காதீர்கள். மற்ற நாடுகளின் சட்டம் வேறு. வணிகக்குறி (டிரேட்மார்க்) உரிமை இன்னும் டிஸ்னியிடமே இருப்பதால், படம் அவர்களுடையது என்று யாரும் மயங்க இடந்தராமல் தலைப்பு அட்டையை அமையுங்கள்.

கோட்டோவியன்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு கதையை மறுபடி எழுதினேன். இசைக்குழு அமைக்கும் வெறி அப்படியே இருக்கிறது. கையில் அகப்படும் விலங்கையெல்லாம் வாத்தியமாக்கப் பார்க்கும் கண்ணும் அப்படியே இருக்கிறது. முதல் காட்சியில் பூனையின் வாலைப் பிடிக்கிறான், பூனை திரும்பி ஒரு பார்வை பார்க்கிறது, கையை விட்டுவிடுகிறான். வேறு வழியின்றித் தன் வாலையே நரம்பாக இழுத்துக் கட்டி, தன் பற்களையே தட்டி வாசிக்கத் தொடங்குகிறான். கடைசியில் வால் அறுந்துவிடும் நிலைக்கு வருகிறது, அப்போதும் நிறுத்தவில்லை. பூனை சிரிக்கிறது. வழிகாட்டியிடம் இன்னும் காட்டவில்லை.

பழைய ரீல்

பூனை பார்க்கும் அந்தப் பார்வையை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். அவன் கையை விடுவதற்கு முன் ஒரு நொடி முழுதும், 24 ஃபிரேமும், எதுவும் அசையாமல் நிற்கட்டும். அந்த ஒரு நொடியில் வாலை விடுவானா மாட்டானா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது.