மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கு சூடோமோனாஸ், ரைசோபியம்: எது முதலில்?

குடியாத்தம் கொல்லை:
மானாவாரி, செம்மண், ஒரு ஏக்கர். ஆடிப்பட்டத்துக்கு 50 கிலோ விதைப் பருப்பு இருக்கு. போன பட்டத்தில் செடி அங்கங்கே வாடிச்சு. பிடுங்கினா தண்டடியில் வெள்ளை நூல், கடுகு மாதிரி உருண்டைகள். கார்பன்டசிம் (பூசணக்கொல்லி), சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கிற பாக்டீரியா), ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கிற பாக்டீரியா) மூணும் கையில் இருக்கு. சேர்த்தே கலக்கலாமா?

அணைக்கட்டு:
சேர்க்காதீங்க. கடுகு உருண்டைன்னா அது ஸ்கிளிரோசியம்ங்கிற பூசணத்தால் வர்ற தண்டழுகல். அதுக்கு கார்பன்டசிம் சரியா கேட்காது. விதையில் ஒட்டுற ரைசோபியமும் அதனால் பாதிக்கும். கார்பன்டசிமை ஒதுக்கி வெச்சிடுங்க.

முதலில் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ், அதாவது 50 கிலோவுக்கு அரை கிலோ. அப்புறம் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைச்சுக் கொடுக்கிற பாக்டீரியா) தலா 250 கிராமை நல்லா ஆறின அரிசிக் கஞ்சியில் கரைச்சு மேலே தெளிச்சுப் புரட்டணும். கஞ்சி அரை லிட்டருக்கு மேல வேண்டாம். மல்லாட்டைத் தோல் மெல்லிசு, ஈரம் அதிகமானா உரிஞ்சு முளைப்பே போயிடும். தார்ப்பாயில் கொட்டி மெதுவா உருட்டுங்க, கையால் தேய்க்காதீங்க. நிழலில் உலர்த்தி அன்னைக்கே விதைச்சிடுங்க.

பாலாற்றங்கரை:
அணைக்கட்டு சொன்ன வரிசை சரி. ஆனா அந்த உருண்டைகள் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோட கிடக்கும். விதை நேர்த்தி மட்டும் போதாது. பழைய கொடி, சருகை அகற்றி ஆழ உழுங்க. டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்குற நல்ல பூசணம்) ஒரு கிலோவை 20 கிலோ மக்கின எருவில் கலந்து போடுங்க. மக்காத எரு போட்டா பூசணத்துக்குத்தான் தீனி.

30ஆம் நாள் சூடோமோனாஸ் ஒரு கிலோவையும் அதேபோல எருவோட போடலாம். மழை பெஞ்சு ஈரம் இருக்கிற சாயங்காலம் பார்த்து போடுங்க. சூடோமோனாஸ் வித்தாக (கெட்டி உறை போட்டு உறங்குற நிலை) மாறாது, நம்ம ஊர் வெயிலில் காஞ்ச செம்மண்ணில் செத்துடும். மழை நம்பிக்கை இல்லைன்னா பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கிற பாக்டீரியா மேல். வித்தாகி வறட்சியைத் தாங்கும்.

குடியாத்தம் கொல்லை:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். ரைசோபியம் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?

அணைக்கட்டு:
பூக்கிற சமயம் நாலைஞ்சு செடியை மண்ணோட தோண்டி எடுத்து வேர் முடிச்சை நகத்தால் கிள்ளுங்க. உள்ளே இளஞ்சிவப்புன்னா தழைச்சத்தைப் பிடிக்குது. வெளுத்தோ பச்சையாவோ இருந்தா பிடிக்கலை. யூரியா கூடினாலும் முடிச்சு குறையும். பாக்கெட்டில் காலாவதி தேதியும் பாருங்க, வெயில் படுற அலமாரியில் இருந்ததை வாங்காதீங்க.