மாஸ்கோ விர்ச்சுவோசி இசைக்குழுவை நேரில் கேட்டவர்கள் இங்கே எழுதுங்கள்

கும்பகோணம்:

1982 முதல் 88 வரை மாஸ்கோவில் பொறியியல் படித்தேன். மாதம் 90 ரூபிள் உதவித்தொகை. அதில் மிச்சம் பிடித்துக் கச்சேரிக்குப் போவோம். ஹெர்ட்சென் தெருவில் (இப்போது அதன் பெயர் பல்ஷாயா நிகீத்ஸ்கயா) கன்செர்வட்டரி என்ற இசைக் கல்லூரியின் பெரிய அரங்கம். வாசலில் சைக்கோவ்ஸ்கி சிலை, அதைச் சுற்றியுள்ள வேலியிலேயே அவருடைய மெட்டுகளின் சுரக் குறிகள் வார்த்திருக்கும்.

அன்று டிக்கெட் இல்லை. பனியில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "லீஷ்னி பிலேத்திக்?" என்று கேட்டோம். உபரியாக ஒரு டிக்கெட் இருக்கிறதா என்று அர்த்தம். அந்த ஊரில் அப்படிக் கேட்பதில் கூச்சமே கிடையாது. ஒரு அம்மா தன் கணவர் வரவில்லை என்று சொல்லி, அச்சிட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்.

கையில் நான்கு சிவப்புக் கார்னேஷன் வைத்திருந்தேன். கோட்டு வாங்கி வைக்கும் பாட்டி அதைப் பார்த்ததும் பதறிப்போய் ஒன்றை உருவிக்கொண்டார். இரட்டைப்படையில் பூக் கொடுப்பது செத்தவர்களுக்காம். அந்த ஒரு பூ அவர் மேசைத் தண்ணீர்க் குவளையில் போயிற்று, மூன்று பூ என்னிடம் மிஞ்சியது.

குழுவின் தலைவர் விளாதிமிர் ஸ்பிவகோவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். 1944இல் ஊஃபாவில் பிறந்து, லெனின்கிராதில் வளர்ந்து, மாஸ்கோவில் யங்கெலெவிச்சிடம் பயின்றவர். 1970 சைக்கோவ்ஸ்கி போட்டியில் இரண்டாம் பரிசு. தனி வயலின் கலைஞராக உலகம் சுற்றியிருக்கலாம், சுற்றவும் செய்தார். ஆனாலும் 1979இல் மாஸ்கோவின் தேர்ந்த வாசிப்பாளர்களைச் சேர்த்து இந்தக் குழுவைத் தொடங்கினார்.

முதல் பாதியில் பாக்கின் ஏ மைனர் கன்செர்டோ, தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிப்பது. வயலினைத் தாடையில் வைத்துக்கொண்டே குழுவையும் நடத்தினார். நான் மூன்றாவது வரிசை ஓரம். அங்கிருந்து அவர் மூக்கால் மூச்சை இழுப்பது கேட்டது. கையும் ஆடவில்லை, தலையும் ஆட்டவில்லை. அந்த ஒரு மூச்சு, வில் சற்றே மேலே போகும், அடுத்த கணம் அத்தனை தந்திகளும் ஒன்றாக விழும். வேகமும் அழுத்தமும்கூட அந்த மூச்சிலேயே இருந்தன. மெதுவான இரண்டாம் பகுதிக்கு முன் அவர் இழுத்த மூச்சு நீளமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து கோயில் கச்சேரிகளில் வயலின் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருவர் மூச்சில் ஒரு குழு முழுக்க நிற்பதை அன்றுதான் கண்டேன்.

கடைசியில் மேடை ஓரம் போய்ப் பூவைக் கொடுத்தேன். குனிந்து வாங்கினார். அவ்வளவுதான். விடுதிக்கு நடந்தே போனேன், குளிர் தெரியவில்லை.

ஸ்ட்ராஸ்பூர்க்:

அண்ணை, வாசிச்சு முடிச்சாப்பிறகு கனநேரம் சும்மா இருந்தனான். நான் அவரைக் கேட்டது பிரான்சில, கொல்மார் நகரத்தில. எங்கட இடத்திலயிருந்து ரயிலில அரை மணித்தியாலம். அந்த ஊர் இசை விழாவுக்கு 1989இலயிருந்து கன வருசம் அவர்தான் பொறுப்பா இருந்தவர். அப்ப ஒவ்வொரு வருசமும் ஒரு பெரிய கலைஞருக்குச் சமர்ப்பணம் செய்வினம். முதல் வருசம் பியானோக் கலைஞர் க்ளென் கூல்டுக்கு.

கச்சேரி சென் மத்தியே தேவாலயத்தில. முந்தித் தன்ர ஆசிரியர் யங்கெலெவிச் குடுத்த, கொபெத்தி எண்ட பழைய இத்தாலியக் கைவினைஞர் செய்த வயலினைத்தான் வாசிச்சவராம், 1997இலயிருந்து ஸ்ட்ராடிவாரி. நான் கேட்டது ஸ்ட்ராடிவாரிக் காலம். ஆனா அண்டைக்கு என்னை உலுக்கினது அவர் வயலினைக் கீழ வைச்சிட்டு நடத்தின, சோவியத் இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின்ர சேம்பர் சிம்பொனிதான். 1960இல ஜெர்மனியில ட்ரெஸ்டனுக்குக் கிட்ட மூண்டு நாளில அவர் எழுதின எட்டாவது குவார்டெட்டை, நாலு பேர் வாசிக்கிறதை, பிறகு பர்ஷாய் எண்ட இசை நடத்துநர் தந்திக் குழுவுக்கெண்டு விரிச்சு எழுதினது. பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவைக்கெண்டு முகப்பில எழுதியிருக்கு.

நாலாம் பகுதியில ஒரு நீட்டுச் சுரம் மெல்லமா நிக்கும். அதுக்கு மேல மூண்டு தட்டு. திரும்ப மூண்டு தட்டு. இரவில ஆரோ கதவைத் தட்டுற மாதிரி எண்டு சொல்லுவினம். எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. எங்கட வீட்டுக் கதவை 87இல தட்டினது எனக்கு இன்னும் காதுக்குள்ள கிடக்கு. பக்கத்தில இருந்த பிரெஞ்சு மனிசி என்ர கையைப் பார்த்திட்டுத் தன்ர கைக்குட்டையைத் தந்தவா. கதிரைப் பிடியை அப்பிடி இறுக்கிப் பிடிச்சிருந்தனாம்.

அண்ணை, அந்தத் தட்டுகளுக்குப் பிறகு ஒரு பாட்டு மாதிரி மெட்டு வருது. அது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?

ஹிஹோன், ஸ்பெயின்:

நான் அந்தக் குழுவை மேடையில் பார்த்ததே இல்லை. எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அவர்கள் வேறு வழியாக வந்திருக்கிறார்கள்.

1990இல் சோவியத் நாடு ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், இங்கே அப்போது பிரின்ஸ் ஆஃப் அஸ்டூரியாஸ் என்ற பெயரில் இருந்த அறக்கட்டளை அழைத்து, குழு அப்படியே குடும்பங்களோடு இந்த அஸ்டூரியாஸ் மாகாணத்துக்குக் குடிவந்தது. சுரங்கமும் இரும்பாலையும் துறைமுகமுமாக இருந்த ஊர்கள் இவை. பிறகு ஸ்பிவகோவ் மாஸ்கோ திரும்பி அங்கே குழுவைத் தொடர்ந்தார். சிலர் இங்கேயே தங்கி, இசைப்பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

என் மகளின் வயலின் ஆசிரியை ஸ்பெயின்காரர். அவருடைய ஆசிரியர் அப்படித் தங்கியவர்களில் ஒருவர். மகளுக்கு ஒன்பது வயது. நான்கு பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ண அந்த ஆசிரியை விடமாட்டார். முதல் வயலின் பிள்ளை மூச்சிழுக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டுத் தொடங்க வேண்டும். எனக்கு இது வேடிக்கையான பழக்கமாகத்தான் பட்டது. பிள்ளைகள் தவறிக்கொண்டே இருக்கிறார்களே, எண்ணினால் என்ன என்று ஒருமுறை கேட்டும்விட்டேன். எண்ணினால் சேர்ந்து தொடங்குவார்கள், சேர்ந்து வாசிக்க மாட்டார்கள் என்றார். ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. இன்று மாலை வகுப்புக்கு வெளியே உட்காராமல் உள்ளே போய் உட்காரப் போகிறேன்.

கும்பகோணம்:

அம்மா, போய்விட்டு வந்து அவசியம் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

ஸ்ட்ராஸ்பூர்க் தம்பி, அந்த மெட்டு ரஷ்யாவில் எல்லாருக்கும் தெரிந்தது. கொடுஞ்சிறையில் வதைபட்டு இறந்த தோழருக்கான இரங்கல் பாட்டு. ஜார் காலத்துப் புரட்சிக்காரர்களை அடக்கம் செய்யும்போது பாடுவார்களாம். போருக்கும் பாசிசத்துக்கும் பலியானவர்களுக்கு என்று எழுதிய இசையில் தன் பெயரின் எழுத்துகளையே சுரமாக்கிப் பகுதிக்குப் பகுதி வைத்திருக்கிறார் ஷொஸ்தகோவிச். டி, ஈ ஃப்ளாட், சி, பி என்று நான்கு சுரம், ஜெர்மன் முறையில் எழுதினால் அவை டி, எஸ், சி, ஹெச் ஆகும். அதோடு இந்தச் சிறைப் பாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் போன கச்சேரியிலும் இரண்டாம் பாதி அதுதான். முதல் பதிவில் எழுத மனம் வரவில்லை. எனக்கு இடப்பக்கம் நெஞ்சில் போர்ப் பதக்கங்களோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்தத் தட்டுகள் முடிந்து மெட்டு தொடங்கியதும் அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன. சத்தமே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொன்னார். மெட்டு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உதடு அசைந்துகொண்டே இருந்தது.