போட்ஸ்வானாவும் ஜிம்பாப்வேயும்: வைரம் மட்டும்தான் வித்தியாசமா?

பிரான்சிஸ்டவுன் கணக்கன்:

"போட்ஸ்வானா நன்றாக இருப்பதற்கு வைரம்தான் காரணம். ஜனத்தொகையும் கொஞ்சம், அதனால் யார் வேண்டுமானாலும் அந்த நாட்டை நடத்திவிடலாம்" என்று மகேஸ்வரி டீச்சர் எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுனில் பல வருடமாகக் கணக்கு வேலை பார்க்கிறேன், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜிம்பாப்வேயின் புலவாயோவுக்கும் வேலையாகப் போய் வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1966இல் சுதந்திரம் வாங்கியபோது போட்ஸ்வானாவில் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர்தான். அதற்கு முந்தைய வருடம்வரை தலைநகரமே நாட்டுக்குள் கிடையாது, பிரிட்டிஷ்காரர்கள் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கில் உட்கார்ந்துகொண்டு நிர்வாகம் பார்த்தார்கள். அடுத்த வருடம் ஓராபாவில் வைரம் கிடைத்தது. அது யாருடைய நிலம்? ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்த பாமங்வாட்டோ இனத்தாருடையது. அவர் எங்கள் இனத்துச் சொத்து என்று பிடித்துவைக்கவில்லை, அதே 1967இல் கனிமச் சட்டம் வந்து நிலத்தடியில் இருப்பதெல்லாம் நாட்டுக்குப் பொது என்றானது. டி பியர்ஸ் வைர நிறுவனத்தோடு முதலில் போட்ட ஒப்பந்தத்தில் அரசுக்கு 15 சதவீதப் பங்குதான், 1975க்குள் பேசிப் பேசி அதைப் பாதிக்குப் பாதி ஆக்கினார்கள்.

வைரம் ஜிம்பாப்வேக்கும் கிடைத்ததே டீச்சர்? 2006இல் மரான்கேயில், அதுவும் மேல்மண்ணைக் கிளறினால் எடுக்கிற மாதிரி. 2008இல் அங்கே ராணுவம் இறங்கியது, தோண்டிக்கொண்டிருந்த ஏழைகளில் 200 பேருக்கு மேல் செத்ததாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2016இல் அப்போதைய ஜனாதிபதி முகாபேயே தொலைக்காட்சிப் பேட்டியில் 1,500 கோடி டாலர் வைரத்தில் நாட்டுக்கு 200 கோடிகூட வரவில்லை என்று சொன்னார். ஆக மண்ணுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசிப் பயனில்லை, சாவி யார் கையில் என்று பாருங்கள். பிழைப்பு தேடி வருகிற ஜனங்களாக ஜிம்பாப்வே தன் சுமையைப் பாதி எங்கள் தலையில் இறக்கிவிட்டதே, அதையும் சேர்த்துத்தான் போட்ஸ்வானா இவ்வளவு செய்திருக்கிறது.

மகேஸ்வரி, புலவாயோ:

கணக்கன் சார், மரான்கே பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். அங்கே நடந்தது கொள்ளை, கொலை. ஆனால் இரண்டு நாடும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கியது போல எழுதுகிறீர்கள். அது நியாயமில்லை.

போட்ஸ்வானாவை பிரிட்டிஷ்காரன் வறண்ட பூமி என்று ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டான், துலி, கான்சி மாதிரி சில இடம் தவிர நிலம் மக்களிடமே இருந்தது. ஜிம்பாப்வேயில் 1930 சட்டம் ஒன்றே பாதி நிலத்தைத் தூக்கி வெள்ளையருக்குக் கொடுத்தது, அவர்கள் ஜனத்தொகையில் ஐந்து சதவீதம்கூட இல்லை. அப்புறம் 1970கள் முழுக்கப் போர். 1980 ஏப்ரலில் சுதந்திரம் வந்தபோது போட்ஸ்வானாவுக்கு 14 வருட அமைதி கையில் இருந்தது, இவர்களுக்கு எரிந்த கிராமங்களும் நிலக்கடனும் இருந்தன.

அந்த நிலையிலிருந்து பத்தே வருடத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை ஏறக்குறைய பத்து மடங்கு ஆக்கினார்கள். வகுப்பறை போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்கு மேல் ஒரு கூட்டம் என்று ஒரே பெஞ்சில் இரண்டு பள்ளி நடந்தது. நான் வேதியியல் எடுத்த பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடையாது, கரும்பலகையில் எழுதுவதை அப்படியே நோட்டில் இறக்கி, அதை வைத்தே கேம்பிரிட்ஜ் தரத்துத் தேர்வை எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள்தான் ஆசிரியராகவும் நர்ஸாகவும் உங்கள் பிரான்சிஸ்டவுனுக்கு வந்தார்கள். அவர்களைப் போய் "தலையில் இறக்கிய சுமை" என்கிறீர்கள்.

களத்துமேடு:

இரண்டு பேரும் நகரத்தையே பேசுகிறீர்கள். நான் இரண்டு பக்கமும் விதை, சொட்டுநீர் வியாபாரமாக அலைந்தவன், வயல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

2000இல் ஜிம்பாப்வேயில் வெள்ளையர் பண்ணைகளைப் பிடுங்கியதில் முதலில் அடி வாங்கியது புகையிலை. அந்த வருடம் ஏறக்குறைய 237 மில்லியன் கிலோ விற்றது, 2008இல் 50 மில்லியன்கூட இல்லை. எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 2023இல் 296 மில்லியன் கிலோ வந்தது, பழைய சாதனையையே தாண்டிவிட்டது. அதைப் போட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சின்ன விவசாயிகள். ஆனால் கொண்டாட முடியாது. விதையும் உரமும் கம்பெனி கடனாகக் கொடுக்கும், இலையை அதே கம்பெனிக்குத்தான் போட வேண்டும், கழிவு போக மிச்சம் கைக்கு வரும்போது சில வீட்டில் அடுத்த வருடப் பள்ளிக் கட்டணத்துக்கே காணாது. கொட்டகையில் இலையைப் பதப்படுத்த மரத்தை வெட்டி எரிக்கிறார்கள், மஷோனாலாந்து பக்கம் காடு கண்ணெதிரே மொட்டையாகிறது.

போட்ஸ்வானாவில் நிலம் விஷயத்தில் எனக்கு மரியாதை உண்டு. குடிமகனுக்கு நில வாரியம் இலவசமாக மனை கொடுக்கும், உழ நிலம் கொடுக்கும், அடியாள் வந்து துரத்த மாட்டான். என்ன, தலைநகர் கபரோனி பக்கத்தில் பெயர் எழுதிவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். உணவுக்கு நாடு தென்னாப்பிரிக்காவையே நம்பி இருக்கிறது. 2022 தொடக்கத்தில் காய்கறி இறக்குமதியைத் தடை செய்தார்கள், கடையில் தக்காளி விலை ஏறியதுதான் மக்கள் கண்டது. மாடு மட்டும் விதிவிலக்கு, லொபாட்சே இறைச்சிக்கூடத்திலிருந்து ஐரோப்பாவுக்கே போகிறது. கோமாரி வந்துவிடக் கூடாது என்று 2003இல் ஜிம்பாப்வே எல்லையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேலி போட்டார்கள். அது மாட்டுக்கா மனிதனுக்கா என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் கேட்கிறார்கள்.

இளவரசு, கபரோனி:

கணக்கன் அண்ணா, நீங்கள் சொல்கிற போட்ஸ்வானா என் மாமா வந்து இறங்கிய காலத்துப் போட்ஸ்வானா. நான் கட்டட அளவையாளராக இருக்கிறேன், இப்போதைய நிலையைச் சொல்கிறேன். ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு வைரம். ஆய்வகத்தில் செய்கிற கல் சந்தைக்கு வந்ததும் விலை சரிந்தது, 2024இல் பொருளாதாரமே சுமார் 3 சதவீதம் சுருங்கியது. அரசு பில் தொகை வராமல் எங்கள் தொழிலில் எத்தனை தளங்களில் வேலை நின்று போயிருக்கிறது தெரியுமா? கிரேன் அப்படியே நிற்கும், காவலாளி மட்டும் இருப்பார்.

வேலை இல்லாதவர்கள் நான்கில் ஒருவருக்கு மேல், இளைஞர்களில் இன்னும் மோசம். ஏற்றத்தாழ்வில் உலகத்திலேயே முன் வரிசையில் இருக்கிற நாடு இது. 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி போகோ பொதுச் சுகாதார நெருக்கடிநிலை அறிவித்தார், காரணம் அரசு மருத்துவமனைகளில் மருந்து இல்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கு நாலு கிளினிக் அலைந்துவிட்டுக் கடைசியில் தனியார் கடையில் வாங்குகிற கிழவிகளை நானே பார்த்தேன். ஐம்பது வருடம் வைரம் விற்ற நாட்டில் மாத்திரை தீர்ந்துபோகலாமா?

பிரான்சிஸ்டவுன் கணக்கன்:

தம்பி, மாத்திரை தீர்ந்தது வெட்கக்கேடு, அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து என்ன நடந்தது என்றும் பார். அந்த நாட்டின் ஜனாதிபதியே வெளியே வந்து மருந்து இல்லை என்று சொன்னார். அவர் எப்படிப் பதவிக்கு வந்தார்? 58 வருடம் ஆண்ட கட்சியை 2024 அக்டோபர் 30 அன்று ஜனங்கள் ஓட்டுப் போட்டு 4 இடத்துக்கு இறக்கினார்கள். அப்போதைய ஜனாதிபதி மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனார், ஒரு கல்கூட வீசப்படவில்லை.

ஜிம்பாப்வேயில் 2008இல் ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில் எதிர்க்கட்சித் தலைவர் ச்வாங்கிராய் முந்தினார். அதற்கப்புறம் கிராமம் கிராமமாக அடி, கொலை, கடைசியில் என் ஆட்கள் சாகிறார்கள் என்று அவர் போட்டியிலிருந்தே விலகினார். 1980 முதல் இன்றுவரை அதே கட்சி. நடுவில் 2017இல் ஆள் மாறினார், அதையும் டாங்கிதான் மாற்றியது.

எச்.ஐ.வி. விஷயத்தையும் சொல்கிறேன், நான் வந்த புதிதில் வார இறுதி என்றால் சாவு வீடுதான். 2000 வாக்கில் பரிசோதித்த கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் தொற்று. ஜனாதிபதி மொகாய் அதை மறைக்காமல், இனமே அழிந்துபோகும் என்று வெளிப்படையாகச் சொல்லி, 2002இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கினார், ஆப்பிரிக்காவில் அப்படிச் செய்த முதல் நாடு. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைக் கட்டுப்படுத்தியதற்காக 2021இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகாரம் கொடுத்தது. அதே 2008இல் எல்லைக்கு அந்தப் பக்கம் காலரா, நாலாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். குழாயில் சுத்தமான தண்ணீர் வந்திருந்தால் காலராவில் யாரும் சாக வேண்டியதில்லை.

மகேஸ்வரி, புலவாயோ:

மொகாய் செய்தது பெரிய காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பின்னால் மெர்க் கம்பெனியும் கேட்ஸ் அறக்கட்டளையும் பணத்தோடு நின்றன. ஜிம்பாப்வே அரசுக்குக் கடன் கொடுக்கவே ஆள் இல்லாத நேரத்தில், சம்பளம் வாங்குகிறவனின் வருமான வரியோடு 3 சதவீத எய்ட்ஸ் வரி பிடித்து மருந்து வாங்கினார்கள். என் சம்பளச் சீட்டிலும் அது இருக்கும். அதைச் சொல்ல உங்கள் கணக்கில் இடம் இல்லையா?

நீங்கள் 2008 பற்றி எழுதினீர்கள், நான் அங்கேயே இருந்தேன். பள்ளிக்கூடம் பெயருக்குத் திறந்திருக்கும், ஒரு மாதச் சம்பளம் பஸ்ஸுக்குப் போதாது. 2009 ஜனவரியில் நூறு லட்சம் கோடி டாலர் நோட்டு அடித்தார்கள், அடுத்த மாதமே அமெரிக்க டாலருக்கு மாறினோம். அமெரிக்கச் சில்லறைக் காசு யாரிடமும் கிடையாது. கடையில் பாக்கிக்கு மிட்டாய் கொடுப்பார்கள், பேனா கொடுப்பார்கள், சில இடத்தில் ஒரு துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கடை முத்திரை குத்திக் கொடுப்பார்கள், அடுத்த முறை அதே கடைக்கு வர வேண்டும். டாலர் நோட்டு அழுக்கேறி, வாசம் அடித்து, கிழிந்து கிடக்கும், கிழிந்ததை ஒரு கடை வாங்கும், இன்னொன்று வாங்காது. இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகள் கைபேசிப் பணத்தைப் பழகிக்கொண்டார்கள், கீரை விற்கிற அம்மா வரைக்கும். அரசு கைவிட்ட பிறகும் ஒரு சமூகம் இப்படி நின்றதே, அதை எந்த வளர்ச்சிப் பட்டியலில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. போட்ஸ்வானா நிலத்தில் யாரையும் துரத்தவில்லை என்றார் களத்துமேடு. மத்திய கலஹாரியிலிருந்து சான் பழங்குடி மக்களை 1997இலும் 2002இலும் வெளியேற்றியது யார்? அவர்கள் குடித்த மோதோமெலோ ஆழ்துளைக் கிணற்றை மூடியது யார்?

களத்துமேடு:

அடியாள் வரமாட்டான் என்றேன், அரசு லாரி வந்தது உண்மைதான் அக்கா. அதற்கு நியாயமே கிடையாது. 2006இல் உயர் நீதிமன்றம் வெளியேற்றியது தவறு என்றது, கிணற்றுக்கு 2011 வரை வழக்காட வேண்டியிருந்தது. ஆனால் ஜிம்பாப்வேயில் 2005இல் நகரத்துக் குடிசைகளை இடித்தார்களே, ஏழு லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்றது ஐ.நா., அவர்களில் யாருக்கு நீதிமன்றத்தில் வீடு திரும்பக் கிடைத்தது? 80களில் புலவாயோ இருக்கும் மடபெலேலாந்தில் அரசுப் படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது, அதற்கு ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. புலவாயோவில் இருக்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இளவரசு, கபரோனி:

மின்சாரத்தையும் சேருங்கள். 2022 கடைசியில் கரிபா அணையில் தண்ணீர் வற்றி ஜிம்பாப்வேயில் ஒரு நாளில் 18, 19 மணி நேரம் இருட்டு. இங்கேயும் மொருப்புலேயில் கட்டிய அனல் நிலையம் வந்த நாளிலிருந்து ரிப்பேர்தான், பல வருடம் தென்னாப்பிரிக்காவிடம் வாங்கியே ஓட்டினோம். இங்கே பணம் இருந்ததால் வாங்கினோம். அந்தப் பணம் குறைகிறது என்பதுதான் என் பயம் கணக்கன் அண்ணா, நீங்கள் அதற்குப் பதில் சொல்லவே இல்லை.

பிரான்சிஸ்டவுன் கணக்கன்:

சொல்கிறேன். பணம் இல்லாதபோதும் இந்த நாடு ஒரு முறை கட்டியிருக்கிறது. 1976இல் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மாடு, சோளம், முட்டை என்று வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள், அதில் எழுந்ததுதான் கபரோனியில் இருக்கும் போட்ஸ்வானா பல்கலைக்கழகம். ஏமாற்ற மாட்டார்கள் என்று நம்பி மாட்டை அவிழ்த்துக் கொடுத்த ஜனம். அந்த நம்பிக்கை இன்னும் இருக்கிறது, போன தேர்தலே சாட்சி.

டீச்சர், உங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு ஏன் எல்லாரும் கிளம்பினார்கள்? 2019இல் அரசு டாக்டர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள், சம்பளம் 200 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் தங்கம் பின்னால் இருக்கிறது என்று ஜிக் என்ற புது நாணயம் விட்டார்கள், செப்டம்பரில் ஒரே நாளில் 43 சதவீதம் மதிப்பைக் குறைத்தார்கள். மாதச் சம்பளத்தை நம்பி மாதத்தை முடிக்க முடியாத நாட்டில் எவ்வளவு படித்தால் என்ன?

மகேஸ்வரி, புலவாயோ:

ஜிக் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை சார், என் ஓய்வூதியமே அதில்தான் கரைந்தது. ஆட்சியைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண் புலவாயோவில் நர்ஸ் பயிற்சி முடித்தாள். பிரான்சிஸ்டவுன் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் நாலு வருடம் இரவு வேலை பார்த்தாள், வேலை அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்காமல் இழுத்தடித்தார்கள், இப்போது இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அவளை வளர்த்துப் படிக்கவைத்தது ஒரு நாடு, அவள் கையால் மருந்து வாங்கியது மற்ற இரண்டு நாடும். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், இதை வரவிலா செலவிலா எங்கே எழுதுவீர்கள் என்று சொல்லுங்கள். "சுமை" என்று எழுதிய வரியை நீக்குங்கள், அப்புறம் மொருப்புலேயைப் பற்றிப் பேசலாம்.